வெள்ளி விழா, பொன்விழா அழைப்பிதழுக்கு எந்தப் படம்?

அப்பா அம்மாவின் 25ஆம் அல்லது 50ஆம் கல்யாண நாளுக்கு மண்டபம், சமையல், புடவை எல்லாம் ஒருவழியாக முடிவாகிவிடும். அழைப்பிதழில் போடும் படத்தில்தான் வீட்டில் பேச்சு நீளும். மூத்த மகனுக்குக் கல்யாணப் போட்டோதான் வேண்டும். மகளுக்குப் போன வருஷம் கொடைக்கானலில் எடுத்த படம் பிடிக்கும். அம்மாவுக்கு இரண்டிலும் தன் முகம் பிடிக்காது. இதற்கிடையில் அச்சகத்திலிருந்து "படம் இன்னும் வரலையே" என்று போன் வந்துகொண்டிருக்கும்.

எந்தப் படம் அழகு என்று பேசுவதற்கு முன், அது எந்த அட்டையில், எந்த அளவில் விழப்போகிறது என்று தெரிந்தாக வேண்டும். செல்போன் திரையில் விரித்துப் பார்க்கும்போது அருமையாக இருக்கும் படம், அட்டையில் நான்கு விரல் அகலத்துக்குச் சுருங்கும்போது யாரென்றே தெரியாமல் போகும். அதனால் அளவுகோல்களை முதலில் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வகைப் படத்தையும் அவற்றில் வைத்து நிறுத்துப் பார்ப்போம்.

## முதலில் முடிவு செய்ய வேண்டியவை

அச்சு முறை. கடையில் அடுக்கிவைத்திருக்கும் ரெடிமேட் அட்டையை எடுத்து, அதில் வாசகத்தை மட்டும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஏற்றுவதாக இருந்தால், அதில் முகம் நிற்காது. கன்னத்தின் மெல்லிய நிழல்கள் கரைந்து, கண்ணும் மீசையும் கறுப்புத் திட்டாகத் தங்கும். அப்படிப்பட்ட அட்டையில் படம் வேண்டுமென்றால், தனித்தாளில் நாலு வண்ணத்தில் அச்சிட்டு உள்ளே செருகுவது ஒன்று, ஸ்டிக்கராக அடித்து ஒட்டுவது இன்னொன்று. நூறு, இருநூறு பிரதி போதுமென்றால் டிஜிட்டல் அச்சு. ஐந்நூறைத் தாண்டினால் ஆஃப்செட் கட்டுபடியாகும். இவை இரண்டிலும் படம் நன்றாக விழும்.

தாள். அச்சு இயந்திரத்தில் பொதுவாக வெள்ளை மை கிடையாது. தாளின் நிறமே படத்தின் வெள்ளை ஆகிறது. சந்தன நிறத் தாளில் அப்பாவின் வெள்ளைச் சட்டை சந்தன நிறமாகும். பொன்னிற மினுமினுப்புத் தாளில் முகங்கள் சாம்பல் பூத்தது போலத் தெரியும். கைவினைத் தாள் மையை உறிஞ்சிக்கொள்வதால் படம் ஒரு படி கறுத்துவிடும். முகம் முக்கியமென்றால் பளபளப்பில்லாத வெள்ளை மேட் ஆர்ட் பேப்பர்தான் நம்பகமானது.

முகத்தின் உயரம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அளவுகோல். நாடியிலிருந்து உச்சந்தலை வரை அட்டையில் குறைந்தது 15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வயதானவர்கள் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கும். நின்றிருக்கும் ஒருவரின் முழு உருவம் ஏழு, ஏழரைத் தலை உயரம். 10 சென்டிமீட்டர் உயரப் படத்தில் முழு உருவமாக ஜோடி நின்றால், மேலும் கீழும் இடம் விட்டபின் முகத்துக்கு 11 அல்லது 12 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். அதே படம் இடுப்பளவாக இருந்தால் முகம் 23, 24 மில்லிமீட்டர் வரும். புடவையின் பார்டர் முழுவதும் தெரிய வேண்டும் என்று முழு உருவப் படத்தைக் கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பிக்சல் கணக்கு. அச்சிடும் அளவில் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 3 அங்குலம் அகலமும் 4 அங்குலம் உயரமுமான படத்துக்கு 900க்கு 1200. ஏ5 (ஏ4 தாளில் பாதி) அட்டையின் முகப்பு முழுவதும் படம் என்றால் 1748க்கு 2480. ஓரம் வெட்டுவதற்காகப் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாகவும் சேர்க்க வேண்டும். அதே படம் மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் பேனராகவும் போகும் என்றால் கணக்கு மாறும். பேனரில் முகம் ஓரடி உயரம் வருமென்றால், கோப்பில் முகம் மட்டும் 600 பிக்சல் உயரமாவது இருக்கட்டும்.

ஜோடியின் சம்மதம். இருவரும் தனித்தனியாகப் படத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சேர்ந்து கேட்டால் ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டிவிடுவார். நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போகப்போகும் முகம் அவர்களுடையது.

நாள் கணக்கு. அட்டை கொடுக்கத் தொடங்குவது விழாவுக்கு ஒரு மாதம் முன். அதற்கு முன்பாக அச்சுக்கும் டிசைனுக்கும் திருத்தத்துக்குமாக மூன்று வாரம் ஒதுக்குங்கள். ஆக, விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே படம் கையில் இருக்க வேண்டும்.

## பழைய கல்யாணப் படம்

உணர்ச்சி என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய முகங்களைப் பார்த்ததும் சொந்தக்காரர்கள் அட்டையைக் கீழே வைக்க மாட்டார்கள். ஆனால் இருக்கும் வழிகளிலேயே அதிகம் வேலை வாங்குவதும், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

முதல் ஏமாற்றம் முகத்தின் அளவு. அந்தக் காலக் கல்யாணப் படங்களில் பாதிக்கு மேல் குரூப் போட்டோ. நடுவில் நாற்காலியில் ஜோடி, பின்னால் இரண்டு வரிசைச் சொந்தம். ஸ்கேலை எடுத்து அசல் படத்தில் முகத்தை அளந்து பாருங்கள். அசலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் அச்சில் முகம் குழைந்துவிடும். எனவே அசலில் முகம் 8 மில்லிமீட்டராவது இருந்தால்தான் அட்டையில் 15ஐ எட்டலாம். 5 மில்லிமீட்டர் முகத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் பிக்சல் பெருகுமே தவிர, படத்தில் இல்லாத கண்ணிமை வந்துவிடாது. சுவரில் மாட்டிய பெரிய பிரதி வீட்டில் இருந்தால், ஆல்பத்தில் உள்ள சின்னப் படத்தை விட்டுவிட்டு அதையே எடுங்கள்.

குரூப் போட்டோவில் ஜோடியை மட்டும் வெட்டும்போது இன்னொன்றும் நடக்கும். பின்னால் நிற்கும் அத்தையின் கை மணப்பெண்ணின் தோளில் தனியாகத் தொங்கும். மாமாவின் வேட்டி மாப்பிள்ளையின் முழங்கைக்குப் பின்னால் வெள்ளைத் திட்டாக நிற்கும். பின்னணியை முழுக்க அழித்து ஒரே நிறமாக்க நல்ல கை வேண்டும். அந்தக் கூலியையும் டிசைன் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது படத்தைக் கையாளுவது. கண்ணாடிச் சட்டத்தில் பல ஆண்டுகள் இருந்த படம், மழைக்கால ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கலாம். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின் என்பதால் ஈரம் பட்டால் பசை போல இளகி ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டியிருந்தால் பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள். சட்டத்தைச் சுவரில் நேராகச் சாய்த்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் 45 பாகைக் கோணத்தில் விட்டு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பு வராது. ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. அந்தக் கால ஸ்டூடியோக்களில் கண்ணுக்கும் உதட்டுக்கும் தூரிகையால் தொட்டிருப்பார்கள். அது கரைந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிய படங்களையும் உரிக்காமல், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ போதும். 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சலாகக் கிடைக்கும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கலர் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கு இருக்கும். மஞ்சள் பாய்ந்த கறைகள் நீல அடுக்கில் அடர்த்தியாகவும், சிவப்பு அடுக்கில் ஏறக்குறைய தெரியாமலும் இருக்கும். டிசைனர் சிவப்பு அடுக்கை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் பாதிக் கறை தானாகப் போய்விடும். சொரசொரப்பான பட்டுத் தாளில் போட்ட பிரதிகளில் ஸ்கேனரின் ஒளி பட்டுத் தேன்கூடு போன்ற புள்ளிகள் எழும். அவற்றை ஸ்கேன் செய்வதைவிட, இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் விட்டுக் கேமராவில் எடுப்பது நல்லது.

2000ஐ ஒட்டிக் கல்யாணமானவர்களுக்கு வேறொரு வசதி உண்டு. அப்போது பெரும்பாலும் பிலிம். ஆல்பத்தின் பின்னட்டை உறையிலோ பீரோவிலோ நெகட்டிவ் சுருள் இருக்கிறதா என்று தேடுங்கள். கலர் பிரதிகள் நாளாக ஆகச் செம்மை ஏறி வெளுத்துப்போகும். நெகட்டிவ் பல வீடுகளில் அதைவிட நல்ல நிலையில் இருக்கும். 35 மில்லிமீட்டர் நெகட்டிவை 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 2270க்கு 3400 பிக்சல் கிடைக்கும். அட்டைக்கு அது தாராளம்.

செய்யக் கூடாதவை மூன்று. பழைய அழைப்பிதழிலோ செய்தித்தாளிலோ அச்சான படத்தை ஸ்கேன் செய்யாதீர்கள். அச்சுப் புள்ளிகள் மறு அச்சில் அலையலையாகக் கோடு போடும். படத்தைத் "தெளிவாக்கும்" செயலிகளில் போட்டு வரும் முகத்தை அப்படியே நம்பாதீர்கள். அவை தெரியாத இடத்தில் கண்ணையும் பல்லையும் தாமாக நிரப்புகின்றன. பார்ப்பவருக்குப் பளிச்சென்று இருக்கும், கூடப் பிறந்தவருக்கு மட்டும் அது வேறு யாரோ என்று தெரியும். கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றுவதாக இருந்தால், கூறைப்புடவை என்ன நிறம் என்று அம்மாவைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். அரக்குப் புடவையைப் பச்சையாக்கிய படத்தை அவரால் கடைசிவரை ரசிக்க முடியாது.

இன்னொரு கவனம், தமிழ்நாட்டுக்கே உரியது. கறுப்பு வெள்ளைப் படம், நீள்வட்டச் சட்டம், கீழே பெயர், அதற்குக் கீழே தேதி என்று வரிசையாக அமைந்தால், நம் கண் அதை முதலில் நினைவஞ்சலி என்றே படிக்கும். உயிரோடு மகிழ்ச்சியாக இருப்பவர்களின் அட்டையில் இது நேரவே கூடாது. பழைய படத்தைத் தனியாக முகப்பில் போடுவதைத் தவிருங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் நீள்வட்டத்தை விட்டுச் சதுர வெட்டு, இளஞ்சிவப்பு அல்லது மாம்பழ மஞ்சள் போன்ற மங்கல நிறப் பின்னணி, படத்துக்கு மேலேயே "பொன்விழா" என்ற சொல் பெரிதாக இருக்கட்டும். டிசைனர் தன் கணினியிலிருந்து மாலை எடுத்துப் படச் சட்டத்தின் மேல் போட்டால், உடனே எடுக்கச் சொல்லுங்கள். ஜோடி கழுத்தில் அணிந்திருக்கும் மாலை வேறு, சட்டத்தில் விழும் மாலை வேறு.

இது பொருந்தும் இடம்: அசலில் முகம் பெரிதாக இருந்தால், உள்பக்கத்திலோ பின்பக்கத்திலோ வைக்க இடமிருந்தால், மறுசீரமைப்புக்கு இரண்டு வாரம் இருந்தால்.

## ஸ்டூடியோவில் புதிதாக எடுப்பது

அச்சுத் தரம் ஒன்றையே பார்த்தால் இதுதான் முதலிடம். வெளிச்சம், பின்னணி, முகத்தின் அளவு மூன்றும் உங்கள் கையில். ஆனால் "அழைப்பிதழுக்கு" என்று சொல்லாமல் போனால் ஸ்டூடியோ தன் வழக்கப்படி நீர்வீழ்ச்சிப் பின்னணியில் முழு உருவப் படம் எடுத்துக் கொடுக்கும். போகும்போதே சொல்ல வேண்டியவை இவை: இடுப்பளவுப் படம், இருவர் கண்ணும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், தலைக்கு மேலும் பக்கங்களிலும் நிறைய வெற்றிடம். வெற்றிடம் இருந்தால் டிசைனர் எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்வார். நெருக்கிப் பிடித்த படத்தை அகலப்படுத்த வழியில்லை.

பின்னணிக்கு நடுத்தரச் சாம்பல் அல்லது அடர் அரக்கு. வெள்ளைப் பின்னணி வேண்டாம். நரைத்த தலையும் வெள்ளை வேட்டி சட்டையும் வெள்ளைத் திரையில் கரைந்து, வெட்டியெடுக்கும்போது தலைமுடி கத்தரித்தது போலாகும்.

உடை நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. ராணி நிறம், கிளிப்பச்சை, எம்.எஸ். நீலம் போன்ற பளீர்ப் பட்டுகள் திரையில் தெரியும் பளபளப்போடு நாலு வண்ண அச்சில் வராது. அந்த நிறங்களை அச்சு மையால் எட்டவே முடியாது. அரக்கு, மாந்தளிர், மயில்கழுத்து, கரும்பச்சை போன்ற ஆழ்ந்த நிறங்கள் அட்டையிலும் கிட்டத்தட்ட அப்படியே விழும். அப்பாவுக்குச் சுத்த வெள்ளையைவிடச் சந்தன நிறப் பட்டுச் சட்டை நல்லது. பக்கத்தில் பளீர் வெள்ளை இருந்தால் கேமரா அதற்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்து முகங்களைக் கறுப்பாக்கிவிடும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர் என்றால் கழற்றச் சொல்லாதீர்கள். தினமும் கண்ணாடியோடு பார்த்த முகம் கண்ணாடி இல்லாமல் அந்நியமாகத் தெரியும். விளக்கை உயர்த்தச் சொல்லி, கண்ணாடிக் காம்பைக் காதருகே சற்றே தூக்கினால் கண்ணாடிச் சில்லு கீழ்நோக்கிச் சாய்ந்து பிரதிபலிப்பு போய்விடும்.

பொன்விழா ஜோடி பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். காலை நேரத்தில் கூட்டிப் போங்கள், உட்கார்ந்த படத்தை முதலில் எடுங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் போனால் முகத்தில் களைப்பு இறங்கும், அதை எந்தத் திருத்தமும் மறைக்காது. உயர வித்தியாசம் அதிகமென்றால் குள்ளமானவர் பக்கம் ஒரு மெத்தை போட்டால் தீர்ந்தது.

மறைச்செலவு இரண்டு. பல இடங்களில் கட்டணம் பிரதிக்குத்தான். முழு அளவுக் கோப்புக்குத் தனியாகக் கேட்பார்கள். எடுக்கும் முன்பே "ஸ்டூடியோ பெயர் போடாத, சுருக்காத ஒரிஜினல் ஃபைல் தருவீர்களா" என்று கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, திருத்தம். கேட்காமலே நிறத்தை வெளுப்பாக்கிச் சுருக்கங்களை மெழுகுவது பலரிடம் பழக்கமாகிவிட்டது. இது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லாத வேலை. ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த முகத்தில் அந்த வருஷங்கள் தெரியட்டும். எளிய விதி ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பரு, வேர்வை, சட்டைக் கறை போன்ற வந்துபோகும் சங்கதிகளை எடுக்கலாம். மச்சம், சுருக்கம், தழும்பு, தோலின் நிறம் இவற்றைத் தொடக் கூடாது.

இது பொருந்தும் இடம்: முகப்பில் பெரிய படம் வேண்டுமென்றால், அதே படம் பேனருக்கும் வேண்டுமென்றால், ஜோடிக்குப் போய்வர உடம்பு ஒத்துழைத்தால்.

## வீட்டில் செல்போனில் எடுப்பது

இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 பிக்சல். இடுப்பளவாக நிமிர்த்தி எடுத்தால் முகம் மட்டும் 900 பிக்சலைத் தொடும். அட்டைக்கும் பேனருக்கும் அது போதும். ஸ்டூடியோவில் விறைத்துப்போகும் அம்மா வீட்டுத் திண்ணையில் இயல்பாகச் சிரிப்பார். சில வீடுகளில் இந்த ஒரு காரணமே போதும்.

கெடுவது நான்கு இடத்தில். ஒன்று, கிட்டப் போய் எடுப்பது. மூக்கு பெருத்து, காது உள்வாங்கும். இரண்டரை மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். இரண்டு, உச்சிவெயில். கண்குழியில் நிழல் விழும். காலை எட்டு, எட்டரை மணிக்கோ மாலை ஐந்து மணி வாக்கிலோ, கூரை நிழலில், வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வையுங்கள். மூன்று, பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் மோடு. ஜிமிக்கியையும் மல்லிகைச் சரத்தையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். அதை அணைத்துவிட்டு, சுவரிலிருந்து ஜோடியை நாலடி முன்னே நகர்த்தினாலே பின்னணி அடங்கும். நான்கு, முன்பக்கக் கேமரா. தரம் குறைவு என்பதோடு, சில போன்கள் படத்தைக் கண்ணாடி போல இடவலம் மாற்றிச் சேமிக்கும்.

உண்மையான சேதம் எடுத்தபின் நடப்பது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நீளப்பக்கத்தில் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கி, முகத்தின் நுணுக்கமும் குறையும். அத்தை அனுப்பி, அண்ணன் அனுப்பி, அச்சகத்துக்குப் போய்ச் சேரும்போது படம் இரண்டு மூன்று முறை நசுங்கியிருக்கும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அசல் அப்படியே போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதை முற்றாகத் தவிருங்கள்.

இது பொருந்தும் இடம்: ஜோடியால் வெளியே போக முடியாத நிலையில், நாள் குறைவாக இருக்கையில், கையில் நிதானமுள்ள ஒருவர் வீட்டில் இருந்தால்.

## விசேஷப் படத்திலிருந்து வெட்டி எடுப்பது

மகன் கல்யாணத்தில் எடுத்த படத்தில் அப்பா அம்மா பட்டு உடுத்தி, நகை போட்டு, முகம் மலர்ந்து நிற்பார்கள். மணிவிழா, சதாபிஷேகம் போன்ற விழாக்களுக்கும் பலர் எடுப்பது இந்தப் படம்தான். செலவில்லை, அலைச்சலில்லை.

ஆல்பப் பக்கத்தை ஸ்கேன் செய்யாதீர்கள். ஆல்பத்தில் படத்தின் மேல் பூவும் புகையும் ஏற்றியிருப்பார்கள். போட்டோகிராபரிடம் தனிப்படத்தின் மூலக் கோப்பைக் கேளுங்கள், அல்லது கல்யாணத்தின்போது கொடுத்த பென் டிரைவைத் தேடுங்கள். முப்பது பேர் நிற்கும் மேடைப் படம் வாட்ஸ்அப் வழியாக வந்திருந்தால் ஒரு முகத்துக்கு நூறு பிக்சல்கூடத் தேறாது. அதில் மெனக்கெடாதீர்கள். மேடையின் ஊதா, நீல விளக்குகள் நெற்றியிலும் கன்னத்திலும் படிந்திருந்தால் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது.

படத்தின் வயதையும் பாருங்கள். இரண்டு மூன்று வருஷப் படம் என்றால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பத்து வருஷப் படம் என்றால் விழாவுக்கு வருபவர்கள் மேடையில் வேறு முகங்களைப் பார்ப்பார்கள். ஆனால் நோயில் ஒருவர் மெலிந்திருந்தாலோ, சிகிச்சையில் முடி கொட்டியிருந்தாலோ, நலமாக இருந்த நாளின் படத்தைப் போடுவதே அன்பான முடிவு. அப்போது படத்தின் வயதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

## அன்றும் இன்றும் இரண்டு படம்

பொன்விழாவுக்கு என் முதல் தேர்வு இதுதான், ஒரு நிபந்தனையோடு: இரண்டையும் பக்கத்துப் பக்கம் நெருக்காதீர்கள். ஏ5 அட்டையில் இரண்டு படத்தை ஒட்டி வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறரை சென்டிமீட்டர் அகலம்தான் கிடைக்கும். இன்றைய படம் முகப்பில், அன்றைய படம் உள்ளே இடப்பக்கம், வலப்பக்கம் வாசகம் என்று பிரித்தால் இரண்டுக்கும் மூச்சு விட இடமிருக்கும். பழைய படத்தோடு உயிருள்ள இன்றைய முகங்கள் முகப்பில் இருப்பதால் நினைவஞ்சலிச் சாயலும் வராது.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் பழைய படத்தைத் தேர்ந்தெடுத்து ஸ்கேன் செய்யுங்கள். அதில் யார் எந்தப் பக்கம், தலை எப்படித் திரும்பியிருக்கிறது என்று பார்த்து, புதிய படத்தை அதே அமைப்பில் எடுங்கள். பழையது உட்கார்ந்த படமென்றால் புதியதும் உட்கார்ந்தே. இரண்டிலும் முகத்தின் உயரம் சமமாகவும், கண்கள் ஒரே மட்டத்திலும் வருமாறு டிசைனர் வெட்ட வேண்டும். பழையதைக் கறுப்பு வெள்ளையாகவே விடுங்கள். வண்ணம் ஏற்றினால் இரண்டும் ஒன்றோடொன்று போட்டி போடும்.

இதற்கு இரண்டு படத்தின் செலவும் இரண்டின் நாளும் ஆகும் என்பதை மறக்க வேண்டாம். வெள்ளி விழா என்றால் இவ்வளவு தேவைப்படாது. இருபத்தைந்து வருஷத்தில் முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடுவதில்லை, இரண்டு படமும் ஒன்றையே சொல்வது போலாகிவிடும்.

## ஓவியம்

படத்தைப் பார்த்து வரைந்த கோட்டோவியம் ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும், பொன் ஃபாயிலிலும், எந்த நிறத் தாளிலும் நிற்கும். ரெடிமேட் அட்டை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் இது நல்ல வழி. வரைபவர் சாயலைப் பிடிக்காவிட்டால் மொத்தமும் வீண். எனவே முதலில் பென்சில் வரைவைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே முழுத் தொகை கொடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வகை | அச்சுத் தரம் | தேவைப்படும் நாள் | மறைச்செலவு | எங்கே கெடும் |
|---|---|---|---|---|
| பழைய கல்யாணப் படம் | அசல் முகத்தின் அளவைப் பொறுத்தது | 2 வாரம் | சீரமைப்பு, பின்னணி நீக்கம் | சிறிய முகம், நினைவஞ்சலிச் சாயல் |
| ஸ்டூடியோ | மிக நன்று | 1 வாரம் | மூலக் கோப்பு, திருத்தம் | வெளுப்பாக்குதல், வெள்ளைப் பின்னணி |
| செல்போன் | நன்று | 1, 2 நாள் | இல்லை | வாட்ஸ்அப் சுருக்கம், கிட்டப் பிடித்தல் |
| விசேஷப் படம் | மூலக் கோப்பு கிடைத்தால் நன்று | 2, 3 நாள் | வெட்டும் கூலி | மேடை விளக்கு, படத்தின் வயது |
| அன்றும் இன்றும் | இரண்டில் பலவீனமானதைப் பொறுத்தது | 3 வாரம் | இரட்டைச் செலவு | நெருக்கிய அமைப்பு |
| ஓவியம் | எல்லாத் தாளிலும் நிற்கும் | 1, 2 வாரம் | திருத்தங்கள் | சாயல் தவறுவது |

## எந்தப் படமானாலும்

மூலைகளில் படம் வேண்டாம். அழைப்பிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது நம் வழக்கம். மூலையில் முகம் இருந்தால் அதன் மேலேயே விரல் போகும். மடிப்புக் கோடும் முகத்தின் குறுக்கே வரக் கூடாது. மடிக்கும்போது மை வெடித்து வெள்ளைக் கீறல் விழும். வெட்டும் ஓரத்திலிருந்து தலை 6, 7 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும்.

அட்டையின் அமைப்புக்குப் பொருந்தவில்லை என்று டிசைனர் படத்தை இடவலம் திருப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. புடவை முந்தானையைப் பாருங்கள்: இடது தோளில் விழ வேண்டியது வலது தோளில் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது. அப்பாவின் சட்டைப் பையும் அம்மாவின் மூக்குத்தியும் இடம் மாறியிருப்பதும் இதே சாட்சிதான். யார் வலப்பக்கம் என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் வேறுபடும், அதைப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். படத்தின் கீழே பெயர் போடுவதாக இருந்தால், பெயர் வரிசையும் படத்தில் நிற்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்த படத்தை அட்டையில் வரப்போகும் அளவுக்கே வெட்டி, பக்கத்து போட்டோ கடையில் ஒரு பிரதி போட்டு வீட்டில் இரண்டு நாள் வையுங்கள். ஆட்சேபம் எதுவானாலும் அந்த இரண்டு நாளில் வந்துவிடும். பிறகு அச்சகத்தில் ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேட்கும்போது, அச்சிடப்போகும் அதே தாளில் கேளுங்கள். வேறு தாளில் எடுத்த ப்ரூஃப் நிறத்தைப் பற்றி எதையும் சொல்லாது. அதைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முகம் கறுத்திருந்தால் "நடு நிழல்களை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்குங்கள்" என்று சொல்லுங்கள். படம் முழுவதையும் வெளுப்பாக்கினால் பட்டின் ஜரிகை போய்விடும். கடைசியாக, குடும்பத்தில் வயதில் மூத்த ஒருவர் கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கட்டும். கீழே இருக்கும் பெயரைப் படிக்காமலே யார் என்று சொல்லிவிட்டால் அச்சுக்குக் கொடுக்கலாம். தயங்கினால் முகத்தை இன்னும் பெரிதாக வெட்டச் சொல்லி மறு ப்ரூஃப் வாங்குங்கள்.